உராய்வைப் புறக்கணிக்க

தொப்பூர் இறக்கம் முடிகிற இடத்தில் எங்கள் பஞ்சர் கடை.
மாதேஷ் ஜாக்கி போடுவான், நான் கம்ப்ரஸர் பார்ப்பேன்.
காற்று ஏறி முடிவதற்குள் ஒரு கணக்கு:
இந்த மார்கழிக்கு நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

புத்தகம் தருமபுரி பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது.
முதல் பதினாறு பக்கம் இல்லை.
பதினேழாம் பக்கம் நடுவாக்கியத்தில் தொடங்கும்:
‘எனில், மீதமுள்ள ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பர்?’
என்ன வேலை, எத்தனை பேர் விலகினார்கள், கூலி கொடுத்தார்களா,
ஒன்றும் தெரியாது.
விடை மட்டும் பத்திரமாக இருக்கிறது கடைசிப் பக்கத்தில்.
எட்டு நாள்.

கணக்குகளுக்குள் வரிசை கிடையாது.
குவிலென்ஸை ஒட்டிக் கூட்டுவட்டி,
அதன் முதுகில் கம்பத்தைக் கடக்கும் ரயில்,
பிறகு தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்கள்.
இரண்டையும் திறந்தால் ஆறு மணி நேரமாம்.
எங்கள் தெருவுக்கு ஒரே குழாய்,
ஒகேனக்கல் தண்ணீர், வந்த அன்றைக்கு வரும்.
‘தரவு போதாது’ என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

நேற்று ராத்திரி நூற்று நாற்பத்து மூன்று.
இருபத்தைந்து டன் லாரி,
நாற்பத்தைந்து மீட்டர் உயரச் சாய்தளத்தின் உச்சியில்
ஓய்விலிருந்து நழுவுகிறது.
அடிவாரத்தில் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?
ஜி பத்து எனக் கொள்க.
உராய்வைப் புறக்கணிக்க.

எம் ஜி ஹெச், சமம், அரை எம் வி ஸ்கொயர்.
இரண்டு பக்கமும் எம். அடித்தேன்.
ஒரு பேனாக் கோட்டில் இருபத்தைந்து டன் காணாமல் போனது.
எதிரே மாதேஷ் ஒற்றை டயரை
முழங்கால் கொடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.
தொள்ளாயிரத்தின் மூலம் முப்பது.
பதினெட்டால் பெருக்கி ஐந்தால் வகுக்க,
நூற்றெட்டு.
அர்ச்சனை செய்யலாம்போல் சுத்தமான எண்.

புத்தகத்தில் ஐம்பத்து நான்கு.

மறுபடி போட்டேன். நூற்றெட்டு.
பில் புக்கின் பின்னட்டையில், அலகெல்லாம் எழுதி,
எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெதுவாக. நூற்றெட்டு.
கல்லூரி விட்டு ஏழு வருஷம், மூளை துருப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.
தப்பு என் பக்கமே இருக்கும் என்பது
யாரும் சொல்லித் தராமல் எனக்கு மனப்பாடமான சூத்திரம்.

அப்போது மேல் வளைவில் ஹாரன்.
விடாமல், மூச்சே எடுக்காமல்.
கடையைத் தாண்டிய நொடியில் அதன் சுருதி இறங்கியது
(அது நூற்று அறுபத்தொன்று, நான் இன்னும் போடவில்லை).
மாதேஷ் ஸ்பேனரோடு ஓடினான்.
ஓரத்து மண்மேட்டில் ஏறி, ஒருக்களித்து, நின்றிருந்தது.
எட்டுச் சக்கரத்திலும் புகை.
கருகிய லைனிங் நாற்றம் தொண்டையில் ஒட்டியது.

ஓட்டுநர் செங்கோடன், நாமக்கல்.
நான் கொடுத்த டம்ளர் அவர் கையில் அலைவுற்றது.
அலைவுநேரம் எத்தனை என்று மனம் எண்ணத் தொடங்க,
வெட்கமாகப் போயிற்று.
இருந்தும் கேட்டுவிட்டேன்: “எவ்ளோ வேகம்ணா?”
“முள்ளு நூறத் தாண்டுச்சும்மா. அதுக்கு மேல நான் பாக்கல.”
“லோடு?”
“கிருஷ்ணகிரிக் கல்லு. முப்பத்தோரு டன்னு.”

அடித்துவிட்ட எம் திரும்பி வந்து
வாசலில் நின்றது, புகைந்துகொண்டு.
வேகத்துக்குத்தான் அது வேண்டாம்.
சூட்டுக்கு வேண்டும்.
நாற்பத்தைந்து மீட்டருக்கே ஒரு கோடியே
முப்பத்தொன்பது லட்சத்து ஐம்பதாயிரம் ஜூல்.
அதைத் தின்று தீர்க்கத்தான் அந்த லைனிங்.
புறக்கணிக்க என்று சொன்னவர்
இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார்.

விடைப்பக்கத்து ஐம்பத்து நான்கை அடித்தேன்.
பென்சிலால் அல்ல.

“எவ்ளோ வைக்கணும்?” மாதேஷ் கத்துகிறான்.
“நூத்திப்பத்து!”
கம்ப்ரஸர் உறுமுகிறது. ஐந்து நிமிடம்.
நூற்று நாற்பத்து நான்கு:
ஒருவர் தொழில் தொடங்கப் பன்னிரண்டாயிரம் ரூபாயை
மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கி...

இதற்குப் பின்பக்கம் பார்க்க வேண்டியதில்லை.